எண்ணிட்ட பித்தளை: தங்கவயல் நினைவுப் பொருள்களும் அவற்றின் நாளையும்

எங்கள் வீட்டு ஷோகேஸில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, உள்ளங்கை உயரத்தில் ஒரு கலங்கரை விளக்கப் பொம்மை. கறுப்பும் வெள்ளையுமாகச் சுருள் பட்டை போட்டது. அமெரிக்காவில் வட கரோலினாவில் வேலை பார்க்கும் என் மகன், போன முறை வந்தபோது கொண்டுவந்து வைத்தான். இன்னொன்று, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பித்தளை வில்லை. மேலே ஒரு துளை, நடுவில் 2317 என்ற எண். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த என் தாத்தாவுடையது.

இரண்டிலும் எண் இருக்கிறது என்பதை என் பேத்திதான் முதலில் கவனித்தாள். பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் 5,500-இல் இத்தனையாவது என்று எழுதியிருக்கிறது. "தாத்தா, இதுவும் நம்பர், அதுவும் நம்பர். எது ஜாஸ்தி விலை?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பொம்மையின் கதையைச் சொல்லிவிடுகிறேன், அது சின்னக் கதை. 1990-களில் அமெரிக்காவில் கலங்கரை விளக்கப் பொம்மை சேர்ப்பது ஒரு பெரிய மோகமாக இருந்தது. கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஹார்பர் லைட்ஸ் போன்ற நிறுவனங்கள், அந்நாட்டுக் கடற்கரைகளில் உள்ள விளக்குகளை ஒவ்வொன்றாக அச்சு வார்த்து, இத்தனை ஆயிரம்தான் செய்வோம், அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது என்று எண் போட்டு, சான்றிதழும் வைத்து விற்றன. குறைவாக இருக்கிறது, ஆகவே விலை ஏறும் என்று ஜனங்கள் வாங்கினார்கள். அதே காலத்தில் பீனி பேபீஸ் என்ற துணிப் பொம்மைகளுக்கும் இதே கதைதான். பிறகு இன்டர்நெட் ஏலம் வந்தது. ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் இருப்பதெல்லாம் ஒரே சந்தைக்கு வந்து சேர்ந்தபோதுதான், 'அரிய' பொருள் எவ்வளவு ஏராளம் என்று தெரிந்தது. வாங்கிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு வேண்டாம். என் மகன் இதைப் பெட்டியோடும் சான்றிதழோடும் ஒரு பழைய சாமான் கடையில் எட்டு டாலருக்கு வாங்கியிருக்கிறான்.

அந்தப் பொம்மை கேப் ஹாட்டெராஸ் என்ற இடத்து விளக்கின் நகல். நிஜமான கோபுரம் 1870-இல் கட்டி முடித்தது. கடல் அரித்துக்கொண்டு வந்ததால் 1999-இல் அதை அப்படியே தூக்கி, தண்டவாளத்தின்மேல் நகர்த்தி, ஏறக்குறைய 880 மீட்டர் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு செங்கல் கோபுரத்துக்கு அந்த நாடு அத்தனை பாடுபட்டிருக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் சாஃப்ட் கோபுரங்கள்தான் ஞாபகம் வந்தன.

தங்கவயலில் கடல் கிடையாது. ஆனால் எங்களுக்கும் கலங்கரை விளக்கம் உண்டு. சுரங்க வாயின்மேல் நிற்கும் இரும்புச் சட்டக் கோபுரமும் அதன் உச்சியில் சுழலும் சக்கரங்களும்தான் அது. கிஃபோர்ட் சாஃப்ட், எட்கர் சாஃப்ட், ஹென்றி சாஃப்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைக்காரன் பெயர். ராத்திரியில் விளக்கெரிய நிற்கும் அந்தக் கோபுரத்தைப் பார்த்தால், பெத்தமங்கலம் பக்கமிருந்து வருகிறவனுக்குக்கூட ஊர் எந்தத் திசை என்று தெரியும். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து எங்கள் ஊருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். மைசூர் அரண்மனைக்கும் பெங்களூர்த் தெருவுக்கும் முந்தி வெளிச்சம் கண்டது தங்கவயல். ஒரு சந்திப்புக்கு ஃபைவ் லைட்ஸ் என்ற பெயரே நிலைத்துப்போயிற்று. அந்த மின்சாரம் எங்கள் சனங்களுக்காக வரவில்லை. சுரங்க இயந்திரத்துக்காக வந்தது. தட்டி வீடுகளில் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்குதான்.

இந்த மலரைப் புரட்டுகிற குடும்பங்களில் தங்கவயல்காரர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். மற்றவர்களுக்காக வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1802-இல் லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற அதிகாரி அந்தப் பகுதியில் கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். 1870-களில் லாவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தார்கள். தொடக்க வருஷங்களில் போட்ட பணம் முக்கால்வாசி மண்ணுக்குள் போயிற்று. இழுத்து மூட இருந்த சமயத்தில், கேப்டன் பிளம்மர் என்பவரின் மேற்பார்வையில் சாம்பியன் ரேகை அகப்பட்டது. அதன்பிறகு நடந்தது உலகறிந்த கதை. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக நம் ஜனங்கள் ஏறிப்போனார்கள். பெரும்பாலோர் ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்ட தலித் மக்கள். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசு. 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு எல்லாம் நின்றது. நூற்றிருபது வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம். ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல்.

இப்போது என்ன மிச்சம்? தங்கம் லண்டனுக்குப் போயிற்று, பிறகு டில்லிக்குப் போயிற்று. எங்களிடம் மிச்சமானது விளக்கு, டோக்கன், தொப்பி, சம்பளச் சீட்டு, பழைய போட்டோ. இவற்றைத்தான் இப்போது சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். 2018-இல் கே.ஜி.எஃப். என்ற கன்னடப் படம் வந்தபிறகும், 2024-இல் தங்கலான் வந்தபிறகும் இந்தத் தேடல் அதிகமாகிவிட்டது என்பது என் அனுபவம். என் தங்கச்சி மகனுக்கு மாதம் ஒரு போனாவது வருகிறதாம், "பழைய மைன்ஸ் ஐட்டம் ஏதாச்சும் இருக்கா?" என்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஊரில் சுரங்கத்திலிருந்து ஒரு பொருளை வீட்டில் 'சேர்த்து' வைப்பதே ஒரு காலத்தில் குற்றம். 1897-இல் மைசூரில் இதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். தங்கம் கலந்த கல்லோ பாதரசக் கலவையோ கணக்குச் சொல்ல முடியாமல் கையில் இருந்தால் சிறை. ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள் என்று பாட்டி சொல்வாள். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வெள்ளைக் கல் ஒன்று பளபளக்கிறதே என்று எடுத்துவந்தால், அம்மா அடி போட்டு வெளியே எறியச் சொல்வாள். அந்த வெள்ளைக் கல்லை இப்போது கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கே.ஜி.எஃப். குவார்ட்ஸ் என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள்.

விளக்கு விஷயத்தில் வாசகர்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மும்பையில் ஒரு பழைய சாமான் கடையில், கண்ணாடிக் குழலும் கம்பி வலையும் மேலே கொக்கியும் வைத்த அழகான பித்தளை விளக்கைக் காட்டி, கோலார் மைனர் லாம்ப் என்று கடைக்காரர் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அது நிலக்கரிச் சுரங்கத்து விளக்கின் ஜாதி. நிலக்கரியில் மீத்தேன் வாயு கசியும். தீ பட்டால் வெடிக்கும். அதனால்தான் சுடரைச் சுற்றி வலை கட்டினார்கள். கோலார் கெட்டிப் பாறை. எங்கள் ஆட்கள் திறந்த சுடரோடுதான் இறங்கினார்கள். முதலில் மெழுகுவத்தி. பிறகு கார்பைட் விளக்கு. கீழ் டப்பாவில் கார்பைட் கல், மேல் டப்பாவில் தண்ணீர். சொட்டுச் சொட்டாக விழுந்தால் வாயு கிளம்பி, முனையில் வெள்ளையாக எரியும். அந்த வாடையை ஒரு தரம் முகர்ந்தவன் மறக்க மாட்டான். அதற்கப்புறம் இடுப்பில் பாட்டரியும் தொப்பியில் பல்பும் வந்தன. வாயு சோதிக்கவும் மீட்புப் பணிக்கும் ஒன்றிரண்டு வலை விளக்கு இருந்திருக்கலாம். ஆனால் தொழிலாளி கையில் இருந்தது அதுவல்ல. இன்று சந்தையில் கிடைக்கும் பளபளப்பான விளக்குகளில் பல, அலங்காரத்துக்காகப் புதிதாக வார்த்தவை. நம்மூர் டப்பா விளக்கு தகரம். துருப்பிடித்து ஒடுங்கியிருக்கும், பார்க்க அழகாக இருக்காது. அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பங்குப் பத்திரங்களுக்கு இந்தச் சந்தேகம் குறைவு. மைசூர் கோல்ட் மைனிங் கம்பெனி, ஊரேகம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க் என்று லண்டனில் பதிவான கம்பெனிகளின் பழைய பத்திரங்களை உலகமெங்கும் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கெட்டிக் காகிதம், பூவேலைக் கரை, முத்திரை. நான் ஒன்றை நேரில் பார்த்தேன். பங்குதாரரின் பெயர் முழுசாக, அழகான கையெழுத்தில், ஊர் விலாசத்தோடு எழுதியிருந்தது. அவர் ஒருநாளும் கோலாரைப் பார்த்திருக்க மாட்டார். என் தாத்தாவின் வில்லையைப் பக்கத்தில் வைத்து நினைத்துப் பாருங்கள். அங்கே பெயர், இங்கே எண்.

இந்த எண் விவகாரம் எங்கள் ஊரில் சாதாரண விஷயமல்ல. 1930-இல் கம்பெனி, வேலையிலிருந்து நீக்கியவன் வேறு பெயரில் திரும்ப வந்து சேரக் கூடாது என்பதற்காக எல்லாத் தொழிலாளர் கைரேகையையும் பதியச் சொன்னது. குற்றவாளிக்குத்தானே ரேகை எடுப்பார்கள், நாங்கள் என்ன திருடர்களா என்று ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். தங்கவயலின் பெரிய வேலைநிறுத்தங்களில் அது ஒன்று. கூலிக்காக மட்டும் அல்ல, மானத்துக்காகவும் நடந்தது. ஆளை அடையாளமாக மட்டும் பார்ப்பதை அந்த ஜனங்கள் அன்றைக்கே எதிர்த்திருக்கிறார்கள்.

டோக்கன் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். ஷிப்டுக்கு வருகிறவன் விளக்கறையில் தன் வில்லையைக் கொடுப்பான். அது பலகையில் அவன் எண்ணுள்ள ஆணியில் தொங்கும். அவனுக்கு விளக்கு கிடைக்கும். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொள்வான். ஷிப்ட் முடிந்தும் ஆணியில் ஒரு வில்லை தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பாறை வெடிப்பு நேர்ந்த நாளில் பொம்பளைகள் ஓடிப்போய் முதலில் பார்ப்பது அந்தப் பலகையைத்தான்.

பாறை வெடிப்பு என்பது எங்கள் ஊருக்கு மழை மாதிரி. அத்தனை ஆழத்தில் பாறை தாங்கும் பாரம் ஒரு நொடியில் சிதறும். வீட்டில் பாத்திரம் உருளும். 1912-லேயே அங்கே நிலநடுக்கமானி வைத்துப் பதிவு செய்தார்கள். 1952-லும் 1962-லும் சாம்பியன் ரீஃபில் நேர்ந்தவை பெரியவை. பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988-இல் தங்கவயலில் தொடங்கப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. அந்த ஆழத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1965-இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், ஜப்பானியரோடும் ஆங்கிலேயரோடும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டருக்குக் கீழே வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்திலும் அதே ஆண்டு பிடித்தார்கள். எங்கள் மாமா ஒருவர் அந்தக் கருவிகளுக்கு இரும்புத் தகடு சுமந்தவர். "கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைப் பிடிக்கறாங்களாம், நம்ம ஆளுங்க செத்தா மட்டும் கண்ணுக்குத் தெரியல" என்பார்.

2019-இல் பெங்களூர்க்காரர் ஒருவர் என் தங்கச்சி மகன் மூலம் என்னைத் தொடர்புகொண்டார். மரியாதையான மனிதர். தாத்தாவின் வில்லைக்கு நாலாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். அவரிடம் சாம்பியன் ரீஃப் வில்லைகள் ஒரு வரிசையே இருக்கிறதாம். நடுவில் சில எண்கள்தான் குறைகின்றனவாம். "யாருடைய எண் என்று எழுதிவைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "அது எப்படிங்க தெரியும்? எடைக்கு வாங்கினது" என்றார். மூடிய பிறகு எத்தனையோ இரும்பும் பித்தளையும் எடைக்குப் போனது உண்மைதான்.

விற்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அந்த முறை ஊருக்குப் போனபோது, ஆண்டர்சன்பேட்டையில் தாத்தாவோடு வேலை பார்த்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். சாஃப்ட் வாயிலில் மணியடிக்கும் பேங்ஸ்மேன் வேலை பார்த்தவர். முறைக்குப் பெரியப்பா. வயது எண்பத்தெட்டு. கண் மங்கல். வில்லையை வாங்கி விரலால் தடவினார்.

"இது உங்க தாத்தன் நம்பர் இல்ல கண்ணு."

"இல்ல பெரியப்பா, வீட்ல இருந்தது."

"வீட்ல இருந்தா? இது அவன் ஜோடி நம்பர். அவன் மேல வரல. மூணு நாளு ஆணியில தொங்குச்சு. அப்புறம் அந்த நம்பரைப் புது ஆளுக்குக் குடுக்கறேன்னாங்க, எவனும் வாங்கல. உங்க தாத்தன் போயி, எனக்குக் குடுங்கடான்னு கேட்டு வாங்கினான்."

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் தாத்தா வாசலில் கற்பூரம் ஏற்றுவார். மாரியம்மனுக்கு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். பெரியப்பா அந்த ஆளின் பெயரைச் சொன்னார். குடியாத்தத்துக்குப் பக்கத்து ஊர், சின்ன வயசுப் பெண்டாட்டி, கைக்குழந்தை, நஷ்ட ஈடு வாங்கிக்கொண்டு ஊரோடு போய்விட்டாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

அன்றைக்கே ஒரு கார்டில் பெயரை எழுதி வில்லையின் துளையில் நூல் கட்டிவிட்டேன். பெயரை இங்கே அச்சிடாததற்குக் காரணம், அவர் வீட்டாரைக் கேட்காமல் அச்சிட எனக்கு உரிமை இல்லை. பெங்களூர்க்காரருக்குப் போன் செய்து, விற்பதாக இல்லை என்றேன். அவர் விலையை ஏற்றினார். நான் கதையைச் சொன்னதும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தன்னிடம் இருக்கும் எண்களின் பட்டியலை அனுப்புகிறேன், உங்கள் பெரியவருக்கு யாரையாவது தெரிகிறதா கேளுங்கள் என்றார். பட்டியல் வந்தது. கேட்க முடிவதற்குள் பெரியப்பா போய்விட்டார்.

நினைவுப் பொருள் சேகரிப்பின் எதிர்காலம் என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பொருளுக்கு ஆயுசு அதிகம், சொல்லத் தெரிந்தவனுக்கு ஆயுசு குறைவு. கலங்கரைப் பொம்மைக்கு எண்தான் சரக்கு, எண்ணுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஆகவே மோகம் போனதும் விலை போயிற்று. நம் வில்லைக்கு எண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறான். அவனைப் பிரித்துவிட்டால் அதுவும் எட்டு டாலர் பொம்மைதான்.

சேர்த்துவைத்ததால் பயன் விளைந்த உதாரணமும் தங்கவயலிலேயே உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. அவர் 1914-இல் மறைந்து பல வருஷம் கழித்து, தமிழன் இதழை 1926-இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மறுபடி நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. சுரங்கத் தொழிலாளி காசு போட்டு வாங்கிய மலிவுப் புத்தகங்கள் அவை. பழைய இதழ்களைத் தூக்கிப் போடாமல் யாரோ சிலர் வைத்திருந்ததால்தான், 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவர முடிந்தது. நாம் பித்தளையைத் தேடுகிறோம், காகிதத்தை எடைக்குப் போடுகிறோம். தங்கவயல்காரர்கள் யார் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தாலும், தயவுசெய்து அடியில் விரித்திருக்கும் காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020 மே மாதம் மாரிகுப்பத்தில் கைவிட்ட சுரங்கத்துக்குள் கல் எடுக்க இறங்கிய மூன்று பேர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். பசி இன்னும் அங்கே போகச் சொல்கிறது. 2024 ஜூனில், சயனைடு மலை என்று நாங்கள் சொல்லும் கழிவுமண் மேடுகள் பதின்மூன்றையும் மறுபடி தோண்டித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. ஆயிரம் ஏக்கர் பரப்பு. அந்த மேட்டில்தான் நாங்கள் சறுக்கி விளையாடினோம். வேலை வந்தால் நல்லது, காலையில் ஸ்வர்ணா ரயிலில் நின்றுகொண்டே பெங்களூருக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஊரிலேயே பிழைப்பு கிடைத்தால் எனக்கு ஆட்சேபணை ஏது? ஆனால் மேடு போனால் ஊரின் முகமே மாறிவிடும்.

பேத்திக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பொம்மையை அவளிடமே கொடுத்துவிட்டேன், விளையாடட்டும். வில்லைக்கு இப்போது என் மேசை இழுப்பறையில் இடம். பெங்களூர்க்காரரின் பட்டியலில் மொத்தம் நாற்பத்தொரு எண்கள். இரண்டுக்கு மட்டும் ஆள் தெரிந்திருக்கிறது. இந்தப் பொங்கலுக்குப் போகும்போது குடியாத்தத்தில் இறங்கி, கைக்குழந்தையோடு திரும்பிப்போன அந்தப் பெண் வீட்டாரைப் பற்றி விசாரிக்கலாம் என்றிருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு இப்போது அறுபதுக்கு மேல் ஆகியிருக்கும்.